எதிர்க்காற்று முனை

கிம்பர்லி
12 அக்டோபர் 1997

அன்புள்ள நொசூகோ அக்காவுக்கு,

வெலிலே எழுதுகிறேன். நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், சாப்பாடு இறங்குகிறது. உன் முதுகுவலி எப்படி? நர்ஸுக்கே வலி என்றால் நோயாளிகள் யாரிடம் போவார்கள்?

ரயிலில் உட்கார்ந்தே வந்து சேர்ந்தேன். இது எனக்கு ஆறாவது அணி. ஈஸ்ட் லண்டன், புளூம்ஃபோன்டைன், விண்ட்ஹுக், புலவாயோ, பார்ல், இப்போது கிம்பர்லி. ஒரு பெட்டி, இரண்டு ஜோடி வெள்ளை உடுப்பு, ஒரு கெட்டில். எங்கே இறங்கினாலும் குடித்தனம் தொடங்கிவிடுகிறது. கலெஷேவே குடியிருப்பில் மா மொசிமே என்ற அம்மாள் வீட்டில் அறை கிடைத்திருக்கிறது. முதல் நாளே விசாரித்தார்.

"தம்பி, என்ன வேலை பாக்கற?"

"கிரிக்கெட் ஆடறேன்மா."

"அது சரி. வேலை என்னன்னு கேட்டேன்."

கேப்டன் ரூடி என்னைவிட ஒன்பது வயது சின்னவன், மரியாதையான பையன். பயிற்சியாளர் ஃபூரி பழைய வேகப்பந்துக்காரர். என்னைப் போன்ற சுழல்காரர்களை அவர் பார்க்கும் பார்வை, கல்யாணத்துக்கு அழைக்காமலே வந்து பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. போகப் போகச் சரியாகிவிடும்.

வீட்டில் எல்லோரும் நலமா? எல்லோரும் என்றால் யாரைக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

உன் தம்பி,
வெலிலே


த்வேசி கிராமம்
27 அக்டோபர் 1997

என் தம்பி வெலிலேவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சுகம் என்றதில் பாதியை நம்பினேன். இங்கே மழை நன்றாகப் பெய்திருக்கிறது. சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது, மாடுகளுக்குப் பால் இருக்கிறது. என் முதுகு அப்படியே இருக்கிறது. அதை நானும் கண்டுகொள்வதில்லை.

அப்பாவின் முழங்காலும் அப்படியேதான். மருந்தகத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால், "சொந்த மகள் கையால ஊசி போட்டுக்கவா? அதுக்கு நொண்டியா இருந்துட்டுப் போறேன்" என்கிறார். மேஸ்திரி வேலையை விட்டாலும் வாய் மட்டும் இன்னும் சாரத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒரு சேதி. வானொலியில் நம் மொழியிலேயே கிரிக்கெட் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். சொல்கிற ஆள் சந்தையில் மாடு ஏலம் விடுகிறவர் மாதிரி பேசுகிறார். கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. போன சனிக்கிழமை உங்கள் ஆட்டம்தான். பெயர்களை மளமளவென்று வாசித்துவிட்டார், உன் பெயர் என் காதில் விழவில்லை. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், அதனால் இருக்கலாம்.

அப்பா வானொலிப் பக்கமே வருவதில்லை. ஆனாலும் பாட்டரி சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்துபோகிறது. கடைக்காரன் மட்டமான சரக்கு விற்கிறான் போலிருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
நொசூகோ


கிம்பர்லி
18 நவம்பர் 1997

அன்புள்ள அக்கா,

நலமே. இங்கே வெயில் கொளுத்துகிறது. மத்தியானத்தில் மேற்கிலிருந்து காற்று கிளம்பினால் சுரங்கத்து மண்ணெல்லாம் வாய்க்குள் வந்துவிடுகிறது.

போன வாரம் எங்கள் அணி ஜெயித்தது. ரூடி சதம் அடித்தான். இருபது வயது இடதுகைச் சுழல்காரன் ஒருவன் இருக்கிறான், ஃபூரி கண்டெடுத்த பையன். நல்ல விரல்கள், பொறுமைதான் இன்னும் வரவில்லை. உடுப்பு அறையில் பாட்டும் கூத்துமாக இருந்தது. எல்லோருக்கும் ஆட்டிறைச்சி சுட்டுப் போட்டார்கள். நானும் நன்றாகச் சாப்பிட்டேன்.

மா மொசிமே என் வெள்ளைச் சட்டைகளைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார். "உன் துணி மட்டும் அழுக்கே ஆக மாட்டேங்குதே, நீ என்ன காத்துலயா நடக்கற?" என்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. அவரைக் கவனித்துக்கொள்.

வெலிலே


த்வேசி
30 நவம்பர் 1997

தம்பி,

எல்லோரும் சுகம். குசலம் அவ்வளவுதான். இனி நேராகவே கேட்கிறேன்.

நாலு ஆட்டம் கேட்டுவிட்டேன். நாலிலும் மாவு பிசையவில்லை. ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறவன் பெயரை வானொலியில் சொல்வார்களா, மாட்டார்களா? இதை மட்டும் எனக்குத் தெளிவாக எழுது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வழக்கம்போல நமக்கும் குபேனிக்காரர்களுக்கும் ஆட்டம். வெளியூரில் வேலை பார்க்கிற எல்லாப் பையன்களும் வருகிறார்கள். அப்பாதான் நடுவர். இரண்டு ஊரும் சேர்ந்து ஒப்புக்கொள்கிற ஒரே விஷயம் அது. நீ வருவாயா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. வந்தால் கதவைச் சாத்துவேன் என்றும் இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

வழக்கம்போல கிங் நகரப் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் என்னைப் பார்த்துவிட்டு ஓடாதே. ஊருக்குள் வா.

நொசூகோ


கிம்பர்லி
9 ஜனவரி 1998

அன்புள்ள அக்கா,

புது வருடம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத்து வரவில்லை. அதற்குள் கிறிஸ்துமஸும் போய்விட்டது.

நீ கேட்டதற்குப் பதில்: சொல்ல மாட்டார்கள். முதல் ஆட்டத்திலிருந்தே நான் தண்ணீர்தான் தூக்குகிறேன். டிசம்பரில் ஃபூரி கூப்பிட்டார்.

"வெலிலே, வயசு முப்பத்தி நாலு ஆச்சு. ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். சீசன் முடிஞ்சதும் ஒப்பந்தம் கிடையாது. வேணும்னா வலைகளப் பாத்துக்கற வேலை இருக்கு. கட்டறது, அவுக்கறது, ரோலர் இழுக்கறது."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இந்த லட்சணத்தில் ஊருக்கு எப்படி வருவேன்? எண்பத்தேழில் நான் வெள்ளையர் சங்கத்தின் சம்பள அணியில் கையெழுத்துப் போட்டபோது, அப்பா சிறையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனிதராக மதிக்காதவர்களோடு மட்டை பிடிக்க மாட்டோம் என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். எனக்கு இருபத்துமூன்று வயது. பந்து போட வேண்டும், அவ்வளவுதான் தெரியும். பத்து வருடமாக அவர் என்னோடு பேசாமல் இருப்பதற்கு நான் பெரிய ஆட்டக்காரனாகவாவது ஆகியிருக்க வேண்டாமா? தண்ணீர் வாளியோடு வந்து எப்படி நிற்பது?

கிறிஸ்துமஸ் அன்று மைதானம் காலியாக இருந்தது. ஒற்றைக் குச்சியை நட்டு, எதிர்க்காற்றில் நாள் முழுக்கப் பந்து போட்டேன். ஒன்று புரிந்தது. அந்தக் காற்றில் பந்தை வழக்கத்தைவிட மெதுவாக, உயரமாக விட்டால், மட்டைக்காரனுக்கு எட்டும் என்று தோன்றுகிற இடத்தில் எட்டாமல் விழுகிறது. இது தெரிந்து இனி என்ன ஆகப்போகிறது என்று கேட்காதே. சும்மா சொன்னேன்.

வெலிலே


த்வேசி
20 ஜனவரி 1998

என் மடத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். திட்டுவதற்கு நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

தண்ணீர் வாளியோடு வந்தால் என்ன? இங்கே தண்ணீருக்கு ஓடை வரைக்கும் நடக்கிறோம், ஊருக்கு உபயோகமாக இருந்திருக்கும். வலைகள் வேலைக்கு இப்போதைக்குச் சரி என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. சீசன் முடியட்டும்.

ஆட்டத்தில் நாம் தோற்றோம். குபேனியில் ஒரு தடியன், ரயில்வேயில் வேலை, எல்லாப் பந்தையும் ஆட்டுப்பட்டிக்குள் அடித்தான். ஆட்டம் முடிந்து எல்லோரும் பீர் குடிக்க உட்கார்ந்தபோது அவன் அப்பாவை நம் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டான்.

"என்ன ஜோலா, உங்க பையன் கிம்பர்லியில வெள்ளக்காரனுங்களுக்குத் தண்ணி தூக்கறானாமே!"

ஊரே சிரித்தது. அங்கே இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சொன்னார்: "அவன் தூக்கற தண்ணியக் குடிச்சிட்டு ஆடறானுங்களே பதினோரு பேரு, அதுல ஒருத்தனுக்காவது அவன மாதிரி பந்தத் திருப்பத் தெரியுமா? கேட்டுட்டு வந்து சொல்லுடா. அப்புறம் நானும் சேந்து சிரிக்கறேன்."

தடியன் பீர்ச் சட்டியை அடுத்தவனிடம் தள்ளிவிட்டான்.

புளித்த பால் கிடைத்தால் குடி, வெயிலுக்கு நல்லது.

நொசூகோ


கிம்பர்லி
16 பிப்ரவரி 1998

அன்புள்ள அக்கா,

நான் நலம், நலம், நலம்! இந்தத் தடவை முழுசாக நம்பு.

அந்த இருபது வயதுப் பையன் ஸ்லிப்பில் கேட்ச் பிடிக்கப் போய் விரலை உடைத்துக்கொண்டான். பாவம், அழுதான். ஃபூரி சுற்றும் முற்றும் பார்த்தார். இடதுகையால் சுழற்ற வேறு ஆள் இல்லை. "சரி, நீ போ" என்றார், கடையில் மிச்சமிருந்த ரொட்டியை எடுப்பது மாதிரி. இரண்டு ஆட்டம் ஆடிவிட்டேன். முதலாவதில் நாலு விக்கெட், அடுத்ததில் ஐந்து. மா மொசிமே என் கால்சட்டையில் செம்மண் கறையைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இப்பதான் வேலைக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி இருக்க" என்றார்.

இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். மார்ச் ஆறாம் தேதி தொடங்குகிறது, நாலு நாள், இங்கேதான். எதிரணி யார் தெரியுமா? பார்ல். போன வருடம் என் கையைக் குலுக்கி வழியனுப்பி வைத்தவர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். குபேனித் தடியனுக்குப் பதில் சொன்ன அந்த "ஒருவர்" யார்?

வெலிலே


த்வேசி
24 பிப்ரவரி 1998

தம்பி,

எல்லோரும் சுகம். சேதி கேட்டு ஊரே குதிக்கிறது. புதுப் பாட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். அவசரமாக எழுதுகிறேன், தபால் வண்டி நிற்கிறது.

நன்றாகத் தூங்கு. தோளுக்கு எண்ணெய் தடவு.

நொசூகோ


கிம்பர்லி
10 மார்ச் 1998

என் அருமை அக்கா,

கை வலிக்கிறது, விரல் தோல் பிய்ந்திருக்கிறது, தொண்டை கட்டிவிட்டது. இவ்வளவு சுகமாக நான் இருந்ததே இல்லை.

நேற்று கடைசி நாள். பார்லுக்கு இருநூற்றுப் பத்து ஓட்டம் தேவை. சாப்பாட்டு வேளையில் மூன்று விக்கெட்டுக்கு நூற்றிருபத்தெட்டு எடுத்துவிட்டார்கள். எங்கள் அறையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வெளியே மேல்காற்று கிளம்பி, கொட்டகைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஃபூரி கேட்டார்: "எதிர்க்காத்து முனையிலேருந்து யாரு போடறது?"

வேகப்பந்துக்காரர்கள் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"நான் போடறேன்" என்றேன்.

"இந்தக் காத்துலயா? சுழலா? அடிச்சு நொறுக்கிடுவானுங்க."

"அடிக்க வரட்டும். அதுக்குத்தான் போடறேன்."

ரூடி பந்தை என் கையில் வைத்து அழுத்தினான். "வேண்டாம்னு நீங்களே சொல்ற வரைக்கும் உங்ககிட்டதான்."

அக்கா, முதல் ஓவரிலேயே தெரிந்துவிட்டது. பந்து கையை விட்டுக் கிளம்புகிறது, காற்றில் ஒரு நிமிஷம் தயங்குகிறது, பிறகு பொத்தென்று விழுந்து வெளியே திரும்புகிறது. ஒருவன் ஸ்லிப்பில் கொடுத்தான். அடுத்தவன் தூக்கி அடித்தான், காற்று அதைத் திருப்பி என் கைக்கே கொண்டுவந்து தந்தது. மிச்சமிருந்த ஏழு விக்கெட்டில் ஆறு போனது: ஐந்து எனக்கு, ஒன்று ரன் அவுட். தேநீர் தாண்டி ஒரே முனையில் போட்டேன். சட்டை உப்புப் பூத்து அட்டை மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் நின்றவன் டியோன். பார்லில் என் அறைத்தோழன். இன்னும் ஒன்பது ஓட்டம்தான் வேண்டும், அவனும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஜோலா, உன் நேர்ப்பந்த நான் தூக்கத்துலயே ஆடுவேன், தெரியும்ல?"

"அப்ப தூங்கிட்டே இரு டியோன்."

ரூடி ஓடி வந்தான். "மிட்-ஆனப் பின்னால அனுப்பிடவா?"

"வேணாம். முன்னாலயே நிக்கட்டும். இவன் ஏறி வந்து அடிக்கணும்."

"அடிச்சிட்டான்னா?"

"ஏழாவது ஊரு தேட வேண்டியதுதான்."

அவன் சிரித்தான், ஆனால் முகம் வெளுத்திருந்தது.

டியோன் திரும்பாமல் வரும் அந்த நேர்ப்பந்துக்குக் காத்திருந்தான். இரண்டு பந்து அதையே கொடுத்தேன், தடுத்தான். மூன்றாவதை, போட்டதிலேயே மெதுவாக, போட்டதிலேயே உயரமாக விட்டேன். அவன் கண் விரிந்தது. மூன்று எட்டு ஏறி வந்தான். காற்று பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. அவன் மட்டை சுற்றி முடித்த பிறகுதான் பந்து தரையைத் தொட்டது. திரும்பியது. கீப்பர் குச்சியைத் தட்டிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பத்துப் பேரும் என் மேல் விழுந்த சத்தம்தான் கேட்டது.

கிண்ணம் எங்களுடையது. டியோன் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "பாவி, இந்தப் பந்த எங்களுக்கு ஆடறப்ப எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?" என்றான். ஃபூரி தாமதமாக வந்தார். தொப்பியைக் கழற்றினார். "ஜோலா, வலைய அவுக்கற வேலைக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன். நீ ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு" என்றார். முதல் தடவையாக ஜோலா என்று கூப்பிட்டார்.

அக்கா, வானொலி வந்ததா? யாராவது கேட்டீர்களா?

வெலிலே


த்வேசி
10 மார்ச் 1998

என் தங்கமே வெலிலே,

எல்லோரும் சுகம். சுகம் என்ற சொல் போதவில்லை. எனக்குக் குரல் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று மருந்தகத்தில் திங்கள்கிழமைக் கூட்டம். வானொலியை மருந்து அலமாரி மேல் வைத்திருந்தேன். சாப்பாட்டு வேளை தாண்டியதும் வாசலில் தடி ஊன்றுகிற சத்தம். அப்பா! பத்து வருடத்தில் ஒரு தடவைகூட இந்தப் படி ஏறாதவர்.

"முழங்காலுக்கு மாத்திரை இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா. எழுதித் தரேன்."

"அவசரம் இல்ல. மத்தவங்களப் பாரு. நான் உக்காந்திருக்கேன்."

அலமாரிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

நீ முதல் விக்கெட் எடுத்ததும் பிரசவத்துக்கு வந்திருந்தவள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஊசிக்கு வந்தவர்கள் ஊசியை மறந்தார்கள். வெளியே மாடு மேய்க்கிறவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். அறிவிப்பாளர் உன் பெயரை "வெலேலே, வெலேலே" என்று தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அப்பா தடியால் அலமாரியை ஓங்கித் தட்டினார். "பேர ஒழுங்கா சொல்லுடா! வெலிலே! நாக்கு சுளுக்கிக்கிச்சுன்னா ஜோலான்னு சொல்லித் தொலை!"

வெலிலே, உன் பெயரை அவர் வாயால் கேட்டுப் பத்து வருடம் ஆகிறது. நான் பஞ்சை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கடைசிப் பந்தை அந்த ஆள் சொன்னது: "பந்து மேல போகுது, போகுது, அங்கயே நின்னு ஊரப் பாக்குது சகோதரர்களே!" பிறகு அவரே கத்த ஆரம்பித்துவிட்டார், ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ என்னைத் தூக்கினார்கள், முதுகு போயே போய்விட்டது என்று நினைத்தேன்.

கீழே இறக்கிவிட்டதும் அப்பாவைத் தேடினேன். முற்றத்தில் இருந்தார். தடியை மட்டை மாதிரி பிடித்துக்கொண்டு, அந்த டியோன் எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று மாடு மேய்க்கிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்கி! பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு நோயாளி ஒன்றும் தெரியாமல் கேட்டார்.

"யாருங்க அந்த ஜோலா?"

"என் பையன்" என்றார் அப்பா. "இங்கதான் பொறந்தான். இந்த ஓடைக்கரையிலதான் பந்து போடக் கத்துக்கிட்டான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பாக்கற? மாத்திரையக் குடு."

நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. யார் அந்த ஒருவர் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் அக்கா,
நொசூகோ


த்வேசி
19 மார்ச் 1998

வெலிலேவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்று வானொலியில் தெரிந்தது.

கடைசிப் பந்து நல்ல பந்து. தேநீருக்கு முன் போட்டவை சுமார். அந்த ஆள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். அவனும் சுமார்.

எண்பத்தேழில் நீ செய்தது தவறு என்று அன்று சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன். வயதானதால் மனம் மாறிவிட்டது என்று உன் அக்கா எழுதியிருந்தால் நம்பாதே. ஆனால் உன் பக்கம் சொல்ல உனக்கு ஏதாவது இருக்கும். அதை நான் கேட்கவே இல்லை. கேட்காமலே இத்தனை வருடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், தனியாக. உன் அக்காவோடு வாதாட முடியாது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மாத்திரையைக் கொடுத்துவிடுகிறாள்.

ஈஸ்டருக்கு வா. கிங் நகரத்தில் இறங்கி நிற்காதே, வீட்டு வாசல் வரைக்கும் வா. குபேனிக்காரர்களிடம் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை ஒரு ஆட்டம் இருக்கிறது. அந்த ரயில்வே தடியன் ஆடுகிறான். நான் நடுவர். எனக்குச் சந்தேகம் இருந்தால் மட்டைக்காரன் பக்கம்தான் நிற்பேன், மகன் என்று பார்க்க மாட்டேன். ஆகவே சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் போடு.

ஆடு பார்த்து வைத்திருக்கிறேன். முதலில் சாப்பிடு. வாதத்தை அதற்குப் பிறகு தொடங்கலாம். ஆரம்பிக்கிற முறை உன்னுடையது.

உன் அப்பா